கோடை விடுமுறையும் பிறந்த வீடும்: தமிழகக் கூட்டுக் குடும்ப வாழ்வில் மகளின் இடம் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் மணமான பெண்கள் தம் பிள்ளைகளுடன் பிறந்த வீட்டிற்கு வந்து தங்குவதும், உறவினர் அனைவரும் ஒன்றுகூடி ஆறு, குளம், திருவிழா முதலிய இடங்களுக்குச் சென்று வருவதும் 20ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பரவலாக நிலவிய வழக்கமாகும். இவ்வழக்கம் இன்று பெரும்பாலும் இனிய நினைவாகவே பேசப்படுகின்றது. வேளாண் நாட்காட்டி, திருவிழா, பள்ளி விடுமுறை, இருப்புப்பாதை ஆகியவற்றின் சேர்க்கையால் இது உருப்பெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கின்றது. சொத்துரிமை மறுக்கப்பட்ட மகளுக்குப் பிறந்த வீட்டில் இருந்த உரிமையை ஆண்டுதோறும் உறுதிப்படுத்திய சமூக ஏற்பாடாகக் கோடை வருகை செயற்பட்டது என்பதும், சட்டம் மாறியபின் அவ்வேற்பாடு புதிய நெருக்கடிக்கு உள்ளானது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கோடை விடுமுறை, கூட்டுக் குடும்பம், பிறந்த வீடு, சீர், தாய்மாமன், இந்து வாரிசுரிமை, விடுதலைப் பத்திரம்.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் வேனில் பிரிவிற்குரிய பொழுதாகும். பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் தொல்காப்பியம் பொழுதாக வகுக்கின்றது. பொருள் தேடிச் செல்லும் தலைவன், வறண்ட வழி, காத்திருக்கும் தலைவி என்பனவே அக இலக்கியம் காட்டும் வேனிற் காட்சிகள். ஆனால் அண்மைக்காலத் தமிழ்க் குடும்ப வாழ்வில் கோடை என்பது பிரிந்தவர் கூடும் காலமாக விளங்கியது. இலக்கியத்தில் பிரிவின் குறியீடாக நின்ற பருவம், நடைமுறை வாழ்வில் கூடலின் பருவமானது எவ்வாறு என்னும் வினா சமூக வரலாற்று நோக்கில் விடை காணத்தக்கது.

இவ்வினாவிற்கு விடை காண்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அரசு ஆவணங்கள் நிலத்தையும் வரியையும் பதிவு செய்தன. ஒரு மகள் எத்தனை நாள் தாய்வீட்டில் தங்கினாள் என்பதை எவரும் பதிவு செய்யவில்லை. எனவே பயிர்ப் பருவம், விழா மரபு, போக்குவரத்து, உறவுமுறை அமைப்பு, உணவு வழக்கம், சட்டத்தின் வாசகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் காண்பதன்வழியே இவ்வழக்கத்தின் வரலாற்றை மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

வேளாண் நாட்காட்டியும் கோடை ஓய்வும்

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசித் திங்கள்களில் முடிவுறும். அடுத்த குறுவைச் சாகுபடிக்குரிய நீர் ஆனி மாதத்தையொட்டியே வரும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், ஜூன் 12 அணை திறப்பிற்குரிய நாளாக வழக்கில் நிலைபெற்றது. ஆகவே பங்குனி முதல் வைகாசி வரையுள்ள காலம் நெல் விளையும் பகுதிகளில் வயல் தரிசாகக் கிடக்கும் காலமாகும். அக்காலத்தில் நிலவுடைமைக் குடும்பங்களின் பத்தாயமும் குதிரும் நிறைந்திருக்கும். உழவு மாடுகளுக்கும் வேலை குறைவு. பதினைந்து, இருபது பேர் ஒரே வீட்டில் திங்கட்கணக்கில் தங்கி உண்பதற்குத் தேவையான தானியமும், அவர்களை ஏற்றிச் செல்வதற்கு வண்டி மாடுகளும் ஒருங்கே கிடைக்கும் பருவம் இதுவேயாகும். விருந்தோம்பும் மனம் எப்பருவத்திற்கும் பொதுவாக இருக்கலாம். விருந்தோம்பும் ஆற்றலைக் கோடையே தந்தது.

இவ்வோய்வு அனைவர்க்கும் வாய்த்ததன்று. நிலமற்ற வேளாண் தொழிலாளர்க்குத் தரிசுக் காலம் கூலியற்ற காலமாகும். உடையவனுக்கு ஓய்வாக அமைந்த அதே நாள்கள் உழைப்பவனுக்குப் பற்றாக்குறையாக அமைந்தன. தென் மாவட்டங்களின் பனங்காடுகளில் நிலைமை முற்றிலும் வேறு. பதநீர் இறங்கும் பருவம் கோடையே ஆதலின், பனையேறும் குடும்பங்கள் அப்போது காட்டிலேயே விடிலி அமைத்துத் தங்கின. ஆண்கள் நாளுக்கு இருமுறை மரமேற, பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தனர். தூத்துக்குடி உப்பளங்களிலும் கோடையே உச்ச உழைப்பிற்குரிய காலம். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் சுவைத்த நுங்கும் பதநீரும் மற்றொரு குடும்பத்தின் கோடை உழைப்பிலிருந்து வந்தவை என்பது கருதத்தக்கது. ‘கோடை மகிழ்ச்சி’ என்னும் பொது நினைவு ஒரு வர்க்கத்தின், சில சாதிகளின் அனுபவத்தையே பொதுவாக்கிக் காட்டுகின்றது.

திருவிழாவும் குடும்பப் பயணமும்

குடும்பமாகப் புறப்பட்டுச் செல்லும் வழக்கம் தமிழில் தொன்மையானது. பரிபாடலின் வையைப் பாடல்கள் மதுரை மக்கள் திரளாகப் புதுப்புனலாடச் செல்வதைக் காட்டுகின்றன. சிலப்பதிகாரம் இந்திர விழாவின் நிறைவில் புகார் மக்கள் கடலாடச் செல்வதைக் காட்டுகின்றது. மணிமேகலை அவ்விழா 28 நாள் நிகழ்ந்ததாகக் குறிப்பிடுகின்றது. ஆயின் இக்காட்சிகளில் முதன்மை பெறுவோர் காதலரும் நகர மாந்தருமே. பாட்டி, மகள், பேரப்பிள்ளைகள் என்னும் குடும்ப அலகு அங்கு முன்னிலை பெறவில்லை.

குடும்ப அலகை மையமாகக் கொண்ட கோடைப் பயணத்திற்கு மதுரைச் சித்திரைத் திருவிழா சிறந்த சான்றாகும். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாண விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவுடன் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என மரபாகக் கூறப்படுகின்றது. அறுவடை முடிந்த உழவர்கள் வண்டி கட்டி வருவதற்கு ஏற்ற காலம் சித்திரையே என்பது இம்மாற்றத்திற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. சுற்று வட்டாரக் குடும்பங்கள் கூண்டு வண்டிகளில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு வந்து, வைகை மணலிலும் மண்டபங்களிலும் தங்கி, நீர்மோரும் பானகமும் பருகித் திரும்பின. கோடை வெப்பத்தில் இரண்டொரு நாள் கெடாதிருக்கும் தன்மையே கட்டுச்சோற்றில் புளிக்கும் நல்லெண்ணெய்க்கும் முதலிடம் தந்தது.

இவ்விழாவின் கதையமைப்பு இக்கட்டுரையின் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. அழகர் வைகைக்கு வருவதற்கு மண்டூக முனிவரின் சாப நீக்கத்தைக் கோயில் மரபு காரணமாகக் கூறுகின்றது. மக்கள் வழக்கோ, தங்கை மீனாட்சியின் திருமணத்திற்குச் சீருடன் புறப்பட்ட அண்ணன் காலந்தாழ்ந்து வந்து, மணம் முடிந்ததறிந்து சினந்து திரும்பியதாகக் கூறுகின்றது. அழகர் கோயிலுக்கும் சுற்றியுள்ள சமூகக் குழுக்களுக்கும் இடையிலான உறவைத் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சாப நீக்கக் கதையினும் அண்ணன் – தங்கைக் கதை மக்களிடம் ஆழ வேரூன்றியதற்குக் காரணம் வெளிப்படையானது. உடன்பிறந்தான் சீர் கொண்டுவரக் கடமைப்பட்டவன், அதனைப் பெற உடன்பிறந்தாள் உரிமையுடையவள் என்னும் குடும்ப நெறியை அது தெய்வங்களின்மேல் ஏற்றிக் கூறுகின்றது.

நெல்லை வட்டாரத்தில் பங்குனி உத்திரத்தன்று தம் குலத்திற்குரிய சாஸ்தா கோயிலுக்குக் குடும்பங்கள் சென்று வழிபடுவதும், கோடையில் ஊர்க் கோயில்களில் கொடை விழா நிகழ்வதும் இவ்வகையினவே. இவை பரந்து கிடந்த வகையறாவை ஆண்டிற்கொருமுறை ஓரிடத்தில் கூட்டின. அதேவேளை, 1939இல் மதுரை மீனாட்சி கோயிலில் நிகழ்ந்த ஆலய நுழைவிற்கும் அவ்வாண்டுச் சட்டத்திற்கும் முன்னர், ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குப் பெருங்கோயில்களின் உள்ளிடம் மறுக்கப்பட்டிருந்தது. குடும்பத்துடன் திருவிழாவிற்குச் செல்லுதல் என்பதற்கு எல்லார்க்கும் ஒரே பொருள் இருந்ததில்லை.

பள்ளியும் இருப்புப்பாதையும்

வேளாண் ஓய்வையும் விழாவையும் கொண்டிருந்த கோடையை ‘விடுமுறை’ ஆக்கியவை காலனிய நிறுவனங்களாகும். ஐரோப்பியர் சமவெளியின் வெப்பத்தைத் தாங்காது மலைவாழிடங்களுக்குச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகமண்டலத்திற்கு இடம்பெயர்ந்தது. மலை இருப்புப்பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. நீதிமன்றங்களும் கல்வி நிறுவனங்களும் கோடையில் மூடப்பட்டன. இவ்வேற்பாட்டின் உடன்விளைவாக வழக்கறிஞர், ஆசிரியர், மாணவர் ஆகிய புதிய நடுத்தர வகுப்பினர்க்கு ஒரே காலத்தில் நீண்ட ஓய்வு கிடைத்தது.

அவ்வோய்வை ஐரோப்பியரும் தமிழரும் பயன்படுத்திய முறையில் அடிப்படை வேறுபாடு உண்டு. ஐரோப்பியர் வெப்பத்திலிருந்து விலகிச் சென்றனர். தமிழ்க் குடும்பங்களோ நகரினின்றும் வெப்பம் குறையாத சொந்த ஊருக்கே திரும்பின. இடத்தின் குளிர்ச்சியைக் காட்டிலும் உறவின் இருப்பே பயணத்தின் இலக்காக இருந்தது.

1856இல் இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே தொடங்கிய இருப்புப்பாதை, 1870களில் தென்கோடி வரை நீண்டது. வண்டிப் பயணத்தில் பல நாள் ஆகும் தொலைவு ஓரிரவுப் பயணமானது. இதனால் மணவுறவின் எல்லை விரிந்தது. அடுத்த ஊரில் மட்டுமே மகளைக் கொடுத்த குடும்பங்கள் தொலைநகரில் பணியாற்றும் மாப்பிள்ளைக்கும் கொடுக்கலாயின. மகள் தொலைவில் வாழ்ந்தமையால் நினைத்தபோது வந்துபோகும் வாய்ப்பு குறைந்தது. ஆண்டிற்கொருமுறை வந்து நெடுநாள் தங்கும் வழக்கம் அதன் இடத்தைப் பெற்றது. 1970களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகிச் சிற்றூர்களுக்கும் பேருந்து சென்றபின் இவ்வழக்கம் மேலும் பல சமூகத்தினர்க்குப் பரவியது.

உறவுமுறையும் தாய்வீட்டின் மையமும்

கோடையில் பிள்ளைகள் சென்றது பெரும்பாலும் தாயின் பிறந்த வீட்டிற்கே. கொங்கு நாட்டில் அம்மாயி வீடு, மதுரைப் பக்கம் அம்மாச்சி வீடு, நெல்லையில் ஆச்சி வீடு எனப் பெயர் வேறுபட்டாலும் அமைப்பு ஒன்றே. தந்தைவழிக் கூட்டுக் குடும்பத்தில் அன்றாடம் வாழ்ந்த பிள்ளைகளுக்குத் தாய்வழி உறவு ஆண்டிற்கொருமுறை வாய்த்தது. அங்குத் தாய்மாமன் முதன்மை பெற்றான். திராவிட உறவுமுறை பற்றிய தாமஸ் டிரவுட்மனின் நூலும் (1981), பிரமலைக் கள்ளர் குறித்த லூயி துய்மோனின் ஆய்வும் மணவழி உறவு தலைமுறைதோறும் தொடர்வதைத் தென்னிந்தியக் குடும்ப அமைப்பின் முதன்மைக் கூறாகக் காட்டியுள்ளன. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் முறையுடையவர்கள் ஆதலின், ஒரு கூரையின்கீழ் அவர்கள் பழகிய கோடை நாள்கள் எதிர்கால மணவுறவிற்கான களமாகவும் அமைந்தன. கேலியும் கிண்டலும் விளையாட்டும் வெறும் பொழுதுபோக்கல்ல. யார் யாருக்கு முறை, யார் யாருக்கு உடன்பிறப்பு என்பதைப் பிள்ளைகள் கற்ற பாடம் அது.

அந்நாள்களின் நடைமுறை எளிமையானது. காலையில் ஆற்றிலோ கிணற்றிலோ நீராட்டு, நண்பகலில் திண்ணையிலும் கூடத்திலும் பல்லாங்குழி, தாயம், மாலையில் மாந்தோப்பு, இரவில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நிலாச்சோறு. பெரிய ஏனத்தில் சோற்றைப் பிசைந்து, சுற்றி அமர்ந்த பிள்ளைகளின் கைகளில் பாட்டி உருட்டி வைக்கும் வழக்கம் பலராலும் நினைவுகூரப்படுகின்றது. பல தட்டுகளின் தேவையைத் தவிர்த்த சிக்கனமும், மகன் பிள்ளைகட்கும் மகள் பிள்ளைகட்கும் வேறுபாடின்றி ஒரே கலத்துச் சோறு என்னும் சமன்மையும் அதில் ஒருங்கே அமைந்தன. அவ்வீட்டின் நிலத்தில் பங்கு பெறும் பேரனும் பங்கு பெறாத பேரனும் அக்கலத்தின்முன் வரிசையில் சமமாக அமர்ந்தனர்.

பெண்களின் உழைப்பும் ஓய்வும்

கோடை பெண்களுக்கு ஓய்வாக இருந்ததா என்னும் வினா தனித்து ஆராயத்தக்கது. வடகம், வற்றல், அப்பளம், ஊறுகாய் ஆகியன ஆண்டு முழுமைக்கும் கோடையிலேயே செய்யப்பட்டன. விடியுமுன் மாவு கிளறி, வெயிலேறுமுன் பழைய வேட்டியில் பிழிந்து காயவைக்க வேண்டும். காக்கை விரட்டும் பணி பிள்ளைகளுக்குரியது. இதற்குப் பல கைகள் தேவை. மகள்களின் வருகை அக்கைகளைத் தந்தது. புகுந்த வீட்டில் தனியே சுமந்த உழைப்பைப் பிறந்த வீட்டில் உடன்பிறந்தாருடன் பகிர்ந்து செய்தனர். மாமியார், மாமனாரின் கண்காணிப்பு இன்மை, பேச்சுத் துணை, தாயின் கைச்சோறு ஆகியவை அவ்வுழைப்பை இலேசாக்கின, நீக்கவில்லை.

இன்னொரு பெண்ணின் நிலையும் இங்குக் கருதப்பட வேண்டும். மகள் வந்து தங்கும் வீடு அவ்வீட்டு மருமகளுக்குப் புகுந்த வீடாகும். நாத்தனார்மார் தம் பிள்ளைகளுடன் வந்திருக்கும் நாள்களில் அவளது அடுக்களைப் பணி பன்மடங்காகும். அவள் தன் பிறந்த வீட்டிற்குச் செல்ல வேண்டுமெனில், நாத்தனார் வருமுன்னரோ சென்ற பின்னரோதான் இயலும். ஒரு பெண்ணின் கோடை ஓய்வு மற்றொரு பெண்ணின் கோடை உழைப்பின்மீது அமைந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு வீட்டில் மகளாகவும் மற்றொரு வீட்டில் மருமகளாகவும் இருந்தமையால், இச்சுமை முறைமாறிச் சுழன்றது. அச்சுழற்சியே அதனைத் தாங்கத்தக்கதாக ஆக்கியது.

சட்டம் மறுத்ததும் வழக்கம் தந்ததும்

மிதாட்சரக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பிறப்பால் பங்காளி; மகள் பங்காளியல்லள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் பங்கில் மகளுக்கும் உரிமை தந்தது எனினும் பங்காளி முறையை மாற்றவில்லை. குறிப்பாக அதன் 23ஆம் பிரிவு நோக்கத்தக்கது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் தம் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரித்துக் கேட்க இயலாது என அப்பிரிவு விதித்தது. அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், மணமாகாத, கணவனால் கைவிடப்பட்ட அல்லது கணவனைப் பிரிந்த, அல்லது கைம்பெண்ணான மகளுக்கு மட்டுமே அது அளித்தது. கணவனுடன் வாழும் மகளுக்குத் தான் பிறந்த வீட்டில் தங்கச் சட்டப்படி உரிமையில்லை.

சட்டம் மறுத்த இவ்விடத்தைத்தான் வழக்கம் கோடைதோறும் மகளுக்குத் தந்தது. அவள் வருகைக்கு அழைப்பு வேண்டியதில்லை. வராவிடில் ஊர் கேட்கும். திரும்பும்போது அரிசி, பருப்பு, புளி, வடகம், ஊறுகாய், பிள்ளைகளுக்குப் புத்தாடை எனக் கொடுத்தனுப்பினர். நிலத்தில் பங்கு இல்லை. விளைச்சலில் ஒரு கூறு உண்டு. இதனை வெறும் அன்பளிப்பாகக் கொள்வதினும், மறுக்கப்பட்ட பங்கிற்கு ஈடாக ஆண்டுதோறும் வழங்கப்பட்ட கூறாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும் அது வழக்கு மன்றத்தில் கேட்டுப் பெறத்தக்கதன்று. தாய் தந்தையர் உள்ளவரை உறுதியாகவும், அவர்க்குப்பின் உடன்பிறந்தானின் மனத்தையும் அவன் மனைவியின் மனத்தையும் பொறுத்தும் நின்றது.

தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 25.03.1989 முதல் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தாது. கோடைதோறும் பிள்ளைகளுடன் வந்துபோன அத்தலைமுறைத் தாய்மார்களே அதனால் விலக்கப்பட்டனர். 2005ஆம் ஆண்டு மையச் சட்டத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியதுடன் 23ஆம் பிரிவையும் நீக்கியது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை எனத் தெளிவுபடுத்தியது.

உரிமை கிடைத்தபின் எழுந்த முரண் இக்கட்டுரையின் மையச் சிக்கலாகும். பங்கைக் கேட்கும் மகள் பிறந்த வீட்டு வாசலை இழக்க நேரலாம்; வாசலைக் காக்க விரும்பும் மகள் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுப் பங்கை விடுகின்றாள். தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றிய பீனா அகர்வாலின் நூல் (1994), உடன்பிறந்தாரின் ஆதரவையும் பிறந்த வீட்டிற்கு வந்துபோகும் வாய்ப்பையும் காக்கவே பெண்கள் பலர் தம் பங்கை விட்டுக்கொடுப்பதை எடுத்துக்காட்டியுள்ளது. கோடை வருகையின் மதிப்பு எத்துணை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. பெண்கள் அதற்கு விலையாகக் கொடுத்தது நிலம்.

வழக்கத்தின் தேய்வு

இவ்வழக்கம் தேய்ந்ததற்குச் சட்ட மாற்றத்தைக் காரணமாகக் கூறுதல் பிழையாகும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குரிய சராசரி மகப்பேற்று எண்ணிக்கை, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளின்படி 1992–93இல் ஏறத்தாழ 2.5 ஆகவும் 2019–21இல் 1.8 ஆகவும் இருந்தது. ஒரு பிள்ளை அல்லது இரு பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் தொடரும்போது சித்தி, பெரியம்மா, மாமா, அத்தை ஆகிய உறவுகளே அருகுகின்றன. வந்து கூடுவதற்கு ஆட்கள் குறைந்துவிட்டனர். மேலும் பெண்கள் ஊதியப் பணிக்குச் செல்வதால் நீண்ட விடுப்பு அவர்க்கு வாய்ப்பதில்லை. உயர்நிலை வகுப்புகளுக்குக் கோடையிலும் சிறப்புப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. கூட்டு வீடுகள் பிரிக்கப்பட்டோ விற்கப்பட்டோ மறைந்தன. எஞ்சிய நாள்களில் தனிக் குடும்பங்கள் சுற்றுலாத் தலங்களை நாடுகின்றன. அன்று ஐரோப்பியர் தேடிய குளிர்ச்சியை இன்று தமிழ்க் குடும்பங்களும் தேடுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. கோடை விடுமுறை என்னும் குடும்ப வழக்கம் தொன்றுதொட்டு மாறாது வந்த மரபன்று. வேளாண் ஓய்வும் விழாவும் இட்ட அடித்தளத்தின்மீது, பள்ளியும் இருப்புப்பாதையும் அமைத்த நவீன காலத்து உருவாக்கமாகும். அதன் இன்பம் நிலவுடைமை, சாதி, தொழில் ஆகியவற்றால் வரையறுக்கப்பட்டது. அவ்வின்பத்தைத் தாங்கியது பெண்களின் உழைப்பே. அனைத்திற்கும் மேலாக, பங்கில்லாத மகளுக்குப் பிறந்த வீட்டில் இடமுண்டு என்பதை ஆண்டுதோறும் புதுப்பித்த ஏற்பாடாக அது விளங்கியது.

அவ்வேற்பாட்டை இழந்த பொற்காலமாகப் போற்றுவதோ, உரிமை மறுப்பை மறைத்த போலி என ஒதுக்குவதோ முழுமையான நோக்காகாது. பங்கும் வாசலும் ஒன்றுக்கொன்று விலையாகாமல், இரண்டும் ஒருங்கே மகளுக்கு உரியனவாதல் வேண்டும். குடும்ப நினைவுக் குறிப்புகள், கடிதங்கள், விடுதலைப் பத்திரப் பதிவுகள் ஆகியவற்றை வட்டாரந்தோறும் தொகுத்து ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். கோடை நாள்களை நினைவுகூரும் தலைமுறைப் பெண்கள் வாழும் காலத்திலேயே அத்தொகுப்பு நிகழ்வது இன்றியமையாதது.